தாத்தாவின் கண்ணாடியும் ஐந்து மணிச் சூரியனும்

போன நவம்பரில் ஒரு மாலை, ஜங்லிகாட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். நாலாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மூக்கில் ஒரு பெரிய கண்ணாடி. அது காதில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. இடது கையால் அதைத் தள்ளிவிட்டுக்கொண்டே வலது கையால் எழுதினாள். அது அவள் கண்ணாடி இல்லை. தாத்தா செய்தித்தாள் படிக்கப் போடும் வெள்ளெழுத்துக் கண்ணாடி. அவளுடைய சொந்தக் கண்ணாடி உறைக்குள் போய் அலமாரியில் இருந்தது.

“மாமா, இதைப் போட்டுக்கிட்டுப் படிச்சா என் பவர் இறங்கிடுமாமே, நிஜமா?” என்று கேட்டாள்.

அத்தான் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். கிட்டத்தில் படிப்பதால்தான் கண் கெடுகிறது. மைனஸ் கண்ணாடி கண்ணை மேலும் கெடுக்கிறது. படிக்கும்போது ப்ளஸ் கண்ணாடி போட்டால் கிட்டப்பார்வை வராது, வந்ததும் நின்றுவிடும் என்று ஒருவர் அடித்துப் பேசுகிறார். அத்தானைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறே மாதத்தில் மகளின் பவர் மைனஸ் ஒன்றிலிருந்து ஒன்றே முக்காலுக்கு ஏறிவிட்டது. எந்தத் தகப்பனும் ஏதாவது ஒரு வழியைத் தேடத்தான் செய்வார். அவர் கையில் கிடைத்தது இந்த வழி. இது சரியான வழிதானா, இல்லையென்றால் எது சரி என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது. நம் அந்தமான் நிக்கோபார் தீவுகளில் அதைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் இல்லை.

ஒரு பழைய சந்தேகம்

காணொளிக்காரர் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. கூர்ந்து படிப்பவர்களுக்கே கிட்டப்பார்வை வருகிறது என்று 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வானியல் அறிஞர் கெப்ளர் கருதினார். 1867-இல் ஹெர்மன் கோன் என்ற கண் மருத்துவர் பிரெஸ்லாவ் நகரிலும் சுற்றுப்புறத்திலும் 10,060 பள்ளிப் பிள்ளைகளின் கண்களைச் சோதித்தார். இன்று அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. கிராமப் பள்ளிகளில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்கே கிட்டப்பார்வை இருந்தது. மேற்படிப்புக்குத் தயார் செய்யும் பள்ளிகளிலோ நாலில் ஒருவருக்கு இருந்தது. வகுப்பு ஏற ஏறப் பவரும் ஏறியது. படிப்புக்கும் கண்ணுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்பதை அன்றே மறுக்க முடியவில்லை.

கண்ணுக்குள் நடப்பது இதுதான். பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளம். வளர்ந்தவருக்குச் சுமார் 24 மில்லிமீட்டர். வளர வேண்டிய அளவைத் தாண்டிக் கண் நீண்டுவிட்டால், தூரத்துக் காட்சி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. கரும்பலகை கலங்கித் தெரிகிறது. ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால் பவர் ஏறத்தாழ இரண்டரை. நீண்ட கண்ணைப் பழையபடி குறுக்கும் வழி மருத்துவத்தில் இல்லை.

ப்ளஸ் கண்ணாடிக்காரர்களின் வாதம் இங்கேதான் தொடங்குகிறது. ஓர் அடி தள்ளிப் புத்தகத்தை வைத்துப் படிக்க, கண்ணுக்குள் இருக்கும் தசை சுமார் மூன்று பவர் அளவுக்குக் குவித்தாக வேண்டும். மணிக்கணக்கில் அப்படி உழைப்பதுதான் கண்ணை நீட்டுகிறது. அந்தச் சுமையைக் கண்ணாடி தாங்கிக்கொண்டால் தசை ஓய்வெடுக்கும், கண் நீளாது என்பது அவர்கள் கணக்கு. கேட்கும்போது யாருக்கும் நியாயமாகவே படும். ஆனால் நியாயமாகப் படுவதை எல்லாம் பிள்ளையின் கண்ணில் போட்டுப் பார்த்துவிட முடியாது. அதற்கு முன் சோதித்தார்களா, என்ன தெரிந்தது என்று கேட்க வேண்டும்.

சோதனைகள் சொன்ன பதில்

சோதித்தார்கள். ஒரு முறை இல்லை, பல முறை.

மைனஸ் பவர் உள்ள பிள்ளை கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தால், அது ப்ளஸ் கண்ணாடி போட்டுப் படிப்பதற்குச் சமம். தசைக்குக் கிடைக்கும் ஓய்வு ஒன்றேதான். பின்லாந்தில் 240 பிள்ளைகளை மூன்று பிரிவாக்கி மூன்றாண்டு இதைப் பார்த்தார்கள். ஒரு பிரிவு எப்போதும் கண்ணாடி போட்டது. இன்னொன்று தூரத்துக்கு மட்டும் போட்டுப் படிக்கும்போது கழற்றியது. மூன்றாவதுக்கு, கீழ்ப்பாதியில் படிக்கும் பவர் வைத்த பைஃபோகல். 1989-இல் முடிவு வந்தது. மூன்று பிரிவுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

அமெரிக்காவில் 6 முதல் 11 வயதுக்குட்பட்ட 469 பிள்ளைகளை வைத்துப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. பாதிப்பேருக்குச் சாதாரண மைனஸ் கண்ணாடி. மீதிப்பேருக்குக் கீழே போகப்போக ப்ளஸ் இரண்டு வரை கூடும் ப்ரோகிரசிவ் கண்ணாடி. மூன்றாண்டு கழித்து 2003-இல் வெளியான முடிவில், சாதாரணக் கண்ணாடிக்காரர்களுக்கு 1.48 ஏறியிருந்தது, மற்றவர்களுக்கு 1.28. வித்தியாசம் 0.20. கண்ணாடிக் கடையில் பவரைக் கூட்டிக் குறைக்கும் மிகச் சிறிய படியே 0.25. மூன்றாண்டு சிரத்தையாகப் போட்டும் அந்த ஒரு படிகூடக் கிடைக்கவில்லை.

மலேசியாவில் நடந்த ஓர் ஆய்வை அத்தானிடம் நிறுத்திச் சொன்னேன். பவர் ஏறாமல் இருக்கட்டும் என்று வேண்டுமென்றே முக்கால் பவர் குறைத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். நம் வீடுகளில் “கொஞ்சம் கம்மியாவே போடுங்க, அப்பத்தான் ஏறாது” என்று கடைக்காரரிடம் கேட்கிறோமே, அதேதான். 2002-இல் வந்த முடிவு அதற்கு நேர்மாறாக இருந்தது. முழுப் பவர் போட்ட பிள்ளைகளுக்கு இரண்டாண்டில் 0.77 ஏற, குறைத்துப் போட்டவர்களுக்கு 1.00 ஏறியது.

ஆகவே கடையில் வாங்கும் வெள்ளெழுத்துக் கண்ணாடி கிட்டப்பார்வையைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பிள்ளையின் சொந்தக் கண்ணாடியை அலமாரியில் பூட்டி வைப்பது நல்லதைவிடக் கெட்டதையே செய்யக்கூடும். அதோடு அவள் வகுப்பில் கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பாள்.

உண்மையின் ஒரு துளி

இருந்தாலும் ப்ளஸ் கண்ணாடிக்காரர்களை ஒரேயடியாகத் தள்ளிவிடுவது நேர்மையாகாது. 1980-களின் இறுதியில் கோழிக்குஞ்சுகளின் கண்ணில் லென்ஸ் பொருத்திப் பார்த்தார்கள். மைனஸ் லென்ஸ் போட்ட கண் வேகமாக நீண்டது. ப்ளஸ் லென்ஸ் போட்ட கண்ணின் வளர்ச்சி குறைந்தது. காட்சி எங்கே குவிகிறது என்பதை விழித்திரை தானே உணர்ந்து, அதற்கேற்பக் கண்ணை வளர்க்கிறது. பின்னர் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், பார்வையின் நடுவைவிட அதன் ஓரங்களில் காட்சி எப்படி விழுகிறது என்பதற்கும் பெரிய பங்கு உண்டு என்று தெரியவந்தது.

அந்த அறிவிலிருந்து பிறந்தவைதான் இன்றைய புதிய லென்ஸ்கள். நடுவில் தூரப் பார்வைக்கான முழுப் பவர், சுற்றிலும் நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு ப்ளஸ் புள்ளிகள். ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகம் உருவாக்கிய அத்தகைய லென்ஸ், இரண்டாண்டில் பவர் ஏறும் வேகத்தை 52 விழுக்காடும் கண் நீளும் வேகத்தை 62 விழுக்காடும் குறைத்தது. இந்த வகை மூக்குக்கண்ணாடி லென்ஸுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் முதன்முறையாக 2025 செப்டம்பரில் அனுமதி தந்தது. ப்ளஸ் பவருக்குள் ஏதோ இருக்கிறது என்ற பழைய ஊகத்தில் உண்மையின் துளி இருந்தது. ஆனால் தாத்தாவின் கண்ணாடி அந்த லென்ஸ் ஆகாது. சாதாரண லென்ஸைவிடப் பல மடங்கு விலை கொடுத்து அதை வாங்க மீன்பிடித்தும் கூலி வேலை பார்த்தும் பிழைக்கும் குடும்பங்களால் முடியாது.

மருந்தும் இருக்கிறது. மிகக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு. இன்னும் கிட்டப்பார்வை வராத 4 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு ஹாங்காங்கில் 0.05 விழுக்காடு சொட்டு கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டாண்டில் சொட்டு போட்டவர்களில் 28.4 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை வந்தது. மருந்து கலக்காத வெறும் சொட்டு போட்டவர்களில் அது 53 விழுக்காடு. இதெல்லாம் கண் மருத்துவர் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை. நாமாக வாங்கிப் போடக் கூடாது.

மோக்கன் பிள்ளைகளின் கண்

கண் பயிற்சி பற்றியும் கேட்கிறார்கள். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கண்பார்வைப் பள்ளியால் கண்ணுக்குப் பயிற்சி என்ற எண்ணம் தமிழ்க் குடும்பங்களுக்கு நன்றாகவே பழக்கம். பயிற்சியால் கண்ணின் களைப்பு தீரலாம், பார்க்கும் பழக்கம் சீராகலாம்.

பயிற்சி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதற்கு நம் கடலிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அந்தமான் கடலின் கீழ்க்கரையில், தாய்லாந்துத் தீவுகளில் மோக்கன் என்ற கடலோடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் கண்ணாடி இல்லாமல் மூழ்கிச் சிப்பி பொறுக்குவார்கள். ஐரோப்பியப் பிள்ளைகளைவிட நீருக்கடியில் இரு மடங்கு கூர்மையாக அவர்களுக்குத் தெரிகிறது என்று 2003-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். கண்பாவையைச் சுருக்கியும் தசையை முழுதாகக் குவித்தும் அதைச் சாதிக்கிறார்கள். ஸ்வீடன் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தபோது அவர்களுக்கும் அது வந்தது. தசையைப் பழக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. ஆனால் கிட்டப்பார்வை தசையின் கோளாறு இல்லை, கண்விழியின் நீளம். எந்தப் பயிற்சியும் ஒரு மில்லிமீட்டரைத் திருப்பித் தராது.

வெயிலில் இருக்கிறது விடை

நீளத் தொடங்கும் முன்பே தடுக்க, காசு செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. பகல் வெளிச்சம்.

சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகளை, 6–7 வயதுக்காரர்களை, ஒப்பிட்டு 2008-இல் ஓர் ஆய்வு வந்தது. சிங்கப்பூரில் 29.1 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 மட்டுமே. பெற்றோரின் கண்ணில் பெரிய வேறுபாடு இல்லை. புத்தகம் அதிகம் படித்தவர்கள்கூடச் சிட்னிப் பிள்ளைகள்தாம். வேறுபட்டது ஒன்று: சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்கு 13.75 மணி நேரம் வெளியே இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3.05 மணி நேரம். ‘படிப்புத்தான் கண்ணைக் கெடுக்கிறது’ என்ற நானூறாண்டு நம்பிக்கையை இந்த எண்கள் ஆட்டிவிட்டன. புத்தகத்தின் மேல் போட்ட பழியில் பெரும்பகுதி, படிக்கிறேன் என்று அடைந்து கிடந்த அறையைச் சேர வேண்டியது.

சீனாவின் குவாங்சோவில் 12 பள்ளிகளில் பாதியில், முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினம் 40 நிமிடம் வெளிப்புற வகுப்பு கூட்டினார்கள். மூன்றாண்டில் அங்கே 30.4 விழுக்காட்டினருக்கும் மற்றப் பள்ளிகளில் 39.5 விழுக்காட்டினருக்கும் கிட்டப்பார்வை வந்தது. தைவான் 2010-இல் தினம் 120 நிமிடம் வெளியே என்பதைத் தேசியத் திட்டமாக்கியது. பார்வை குறைந்த தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் விகிதம் பத்தாண்டாக ஏறி 2011-இல் 50 விழுக்காட்டைத் தொட்டிருந்தது. அது 2015-க்குள் 46 ஆக இறங்கியது.

வகுப்பறையில் 300 முதல் 500 லக்ஸ் வெளிச்சம் இருந்தால் நல்ல அறை என்போம். வெளியே மர நிழலிலேயே அதைப்போல் பல மடங்கு. உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ். அந்த வெளிச்சம் பட்டால் விழித்திரை டோபமைன் சுரக்கிறது, அது கண் நீளுவதைத் தடுக்கிறது என்பது இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. வெயிலில் வாட வேண்டியதில்லை. தொப்பி போடலாம், வேப்ப மரத்தடியில் ஆடலாம். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: வெளிச்சம் கிட்டப்பார்வை வராமல் தடுப்பதில்தான் வலியது. வந்துவிட்ட பவரை நிறுத்துவதில் அதன் பலன் குறைவு. ஆகவே கண்ணாடி போடும் வயதுக்கு முன்பே, பாலர் வகுப்பிலேயே தொடங்க வேண்டும்.

நம் தீவின் கடிகாரம்

கடலும் வானமும் வாசலில் கிடக்கும் தீவில் பிள்ளைகளுக்கு வெளிச்சப் பஞ்சமா என்று தோன்றலாம். நம் கடிகாரத்தைப் பாருங்கள். இந்திய நேரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-இல் பெயர் மாறிய நம் போர்ட் பிளேர் அதற்குப் பத்துப் பாகை கிழக்கே இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் என்றால், நம் சூரியன் கடிகாரத்துக்கு நாற்பது நிமிடம் முந்தி ஓடுகிறது. நவம்பர் நடுவில் மாலை ஐந்துக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடுகிறது. ஜூலையில்கூட ஆறு மணியைத் தொடுவதில்லை.

பள்ளிக்கூடம், டியூஷன், மாலை விளையாட்டு எல்லாவற்றையும் சென்னைக் கடிகாரத்தின் பழக்கத்திலேயே வைத்திருக்கிறோம். பிள்ளை பள்ளி விட்டு வந்து, சாப்பிட்டு, மூன்று மணிக்கு டியூஷனுக்குப் போய், ஐந்து மணிக்கு வெளியே வருகிறாள். சென்னையில் அந்நேரம் தெருவில் பந்து உதைக்க இன்னும் வெளிச்சம் மிச்சமிருக்கும். இங்கே தெருவிளக்கு எரிகிறது. அக்கா மகளிடம் கேட்டேன்: “நீ கடைசியா வெயில்ல விளையாடினது எப்போ?” யோசித்துவிட்டு, “ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேக்கு, மாமா” என்றாள்.

இன்னொரு மாற்றமும் வந்துவிட்டது. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிள் இங்கே வந்து சேர்ந்தது. அதுவரை செயற்கைக்கோள் வழியில் ஒரு படம் திறக்கவே தவமிருந்தோம். அந்த இணைப்புக்காக நாம் எத்தனை ஆண்டு ஏங்கினோம் என்பதை மறக்கவில்லை. அது வேண்டும், இன்னும் வேகமாகவும் வேண்டும். ஆனால் அது வந்தது பெருந்தொற்று ஊரடங்கில், பள்ளிக்கூடமே கைப்பேசிக்குள் இருந்த நாளில். அன்று பிள்ளைகள் கைக்குப் போன கைப்பேசி இன்னும் திரும்பி வரவில்லை.

ஒரே தலைமுறையில் கண்கள் மாறும் என்பதற்கு அலாஸ்காவில் அன்று பாரோ எனப்பட்ட ஊர் சாட்சி. அங்கே எஸ்கிமோ குடும்பங்களை ஆராய்ந்து 1969-இல் வெளியிட்டார்கள். பனியிலும் கடலிலும் வேட்டையாடி வளர்ந்த மூத்த தலைமுறையில் கிட்டப்பார்வை மிக அரிது. பள்ளிக்கூடத்தோடு வளர்ந்த அவர்கள் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு மேல் இருந்தது. இரத்தம் ஒன்று, வாழ்க்கை வேறு. தமிழ்நாட்டில் சங்கர நேத்ராலயா 14,000-க்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்ததில் 17.5 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை. இந்திய நகரங்களில் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளில் இது 1999-இல் 4.44 விழுக்காடு, 2019-இல் 21.15, இப்படியே போனால் 2050-இல் 48 என்று கணித்திருக்கிறார்கள். அந்த வழியில் நாமும் போக வேண்டுமென்று கட்டாயம் இல்லை.

சோடாபுட்டிக் கண்ணாடி என்று கேலி செய்வதோடு முடிகிற காரியமும் இல்லை. பவர் ஏற ஏற விழித்திரை கிழிந்து பிரிவது, கண்நீர் அழுத்த நோய், விழித்திரை நடுப்பகுதி தேய்வது எல்லாம் நாற்பது ஐம்பது வயதில் வந்து நிற்கக்கூடும். விழித்திரை பிரிந்தால் சில மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். கச்சாலிலோ கேம்ப்பெல் பேயிலோ இருப்பவர் கப்பலுக்குக் காத்திருந்து ஸ்ரீ விஜயபுரத்தின் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கு வர வேண்டும், அங்கிருந்து சென்னைக்கோ மதுரைக்கோ விமானம் ஏற வேண்டும். நிலப்பரப்பில் இருப்பவரைவிடத் தீவில் இருப்பவருக்குத் தடுப்பு அதிகம் தேவை.

இருட்டிய பிறகு பாடம்

என் வேண்டுகோள் எளியது. வெளிச்சம் இருக்கும்போது விளையாட்டு, இருட்டிய பிறகு பாடம். நம் தீவில் ஐந்தரைக்கு இருட்டிவிடுகிறது என்றால் டியூஷனை ஆறு மணிக்குத் தொடங்கலாம். எட்டு மணிக்கு முடித்தாலும் இரவுச் சாப்பாட்டுக்கு நேரம் இருக்கிறது. ஒரு டியூஷன் வாத்தியார் மட்டும் மாற்றினால் பிள்ளைகளை இழந்துவிடுவோமோ என்று பயப்படுவார். ஊர் கூடி மாற்றினால் யாருக்கும் நட்டமில்லை. தமிழர் சங்கமும் கோயில் கமிட்டிகளும் மற்ற மொழிக்காரர்களின் சங்கங்களும் பேசினால் ஒரு மாதத்தில் நடக்கும்.

காலையும் நம்முடையது. ஆறு மணிக்கே இங்கே வெயில் ஏறிவிடுகிறது. பள்ளி வாகனம் வரும்வரை பிள்ளையைப் படுக்கையில் வைத்திருக்காமல் அரை மணி நேரம் முற்றத்தில் விடலாம். பள்ளிகள் தினம் ஒரு பாடவேளையை மரத்தடிக்கு நகர்த்தட்டும். வாய்ப்பாடு சொல்லவும் கதை கேட்கவும் சுவர் எதற்கு? மழையை ஒரு காரணமாகச் சொல்வார்கள். ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் மழை இங்கே கொட்டுகிறது என்பது உண்மைதான். மேகம் மூடிய நாளிலும் வெளியே பல ஆயிரம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். நாலு பக்கமும் திறந்த ஒரு கூரைக் கொட்டகையைப் பள்ளிக்குப் பள்ளி போட்டுத் தர நிர்வாகத்தால் முடியும்.

அடுத்தது சோதனை. முதல் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கண் சோதனை, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை, தீவு தீவாக. தமிழ்நாடு 2009-இல் ‘கண்ணொளி காப்போம்’ என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடித் திட்டம் தொடங்கியது. நம் மொத்த மக்கள்தொகையே 2011 கணக்கெடுப்பில் நாலு லட்சத்தைத் தொடவில்லை. இத்தனை சிறிய மக்கள்தொகையில் ஒரு பிள்ளையையும் விட்டுவிடாமல் சோதிப்பது எட்டாக்கனி இல்லை. பவர் வேகமாக ஏறும் ஏழைப் பிள்ளைக்குப் புதிய லென்ஸையோ சொட்டு மருந்தையோ அரசு மருத்துவமனையே தர வேண்டும். ஒரு பவர் ஏறாமல் தடுத்தாலே விழித்திரை நடுப்பகுதி பாதிக்கும் வாய்ப்பு 40 விழுக்காடு குறையும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தச் செலவை விரயம் என்று யாரும் சொல்ல முடியாது.

அத்தானிடம் இரண்டு மணி நேரம் பேசினேன். கடைசியில் அலமாரியைத் திறந்து மகளின் கண்ணாடியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். தாத்தா தன் கண்ணாடியைத் திரும்ப வாங்கிப் போட்டுக்கொண்டு செய்தித்தாளை விரித்தார். டியூஷனை ஆறு மணிக்கு மாற்ற அக்கா மூன்று வீடுகளில் பேசினாள். இரண்டு வீட்டில் ஒப்புக்கொண்டார்கள், ஒரு வீட்டில் யோசிக்கிறார்கள்.

இப்போது நாலு மணிக்கு அந்தத் தெருவில் மூன்று பிள்ளைகள் பாண்டி ஆடுகிறார்கள். என் மருமகளின் பவர் இனி ஏறாது என்று நான் உறுதி தர முடியாது. அவளுக்கு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. நான் கவலைப்படுவது, கட்டத்துக்கு வெளியே நின்று தன் முறைக்காகக் காத்திருக்கும் அவளுடைய நாலு வயதுத் தம்பிக்காக. அவன் கண் இன்னும் நீளவில்லை. இந்த ஊரின் ஐந்து மணிச் சூரியன் அவன் மேல் பட்டுக்கொண்டிருக்கிறது.